உடலுக்குள் ஓர் அடுப்பு: குளிர்ந்துபோன வௌவால் எப்படி மீண்டும் சூடேறுகிறது?

ஜோர்ஜ்டவுனில் காலை ஆறரை மணிக்குப் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருக்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தால் கைகளில் லேசான சிலிர்ப்பும் இருக்கும். அந்த நேரத்தில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ். உங்கள் உடலுக்குள்ளோ 37 பாகை. இந்த 13 பாகை இடைவெளியை நம் உடல் இரவு பகல் பாராமல் காத்துவருகிறது. நேற்றிரவு சாப்பிட்ட தோசையிலும் இன்று காலை சாப்பிட்ட நாசி லெமாக்கிலும் ஒரு பெரும் பங்கு இதற்குத்தான் செலவாகிறது. இந்தச் செலவை நாம் நிறுத்த முடியாது. நம் உடல் 28 பாகைக்கு இறங்கினால் நினைவு தப்பும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

ஆனால் எல்லாப் பாலூட்டிகளும் நம்மைப் போல இல்லை. சில சின்னஞ்சிறு விலங்குகள் தங்கள் உடலின் அடுப்பைத் தாங்களே தணித்துவிடுகின்றன. உடல் குளிர்கிறது, இதயம் மெதுவாகிறது, மூச்சு அரிதாகிறது. தொட்டால் செத்ததுபோல் சில்லென்று இருக்கும். இதை அறிவியலில் டார்பர் என்பார்கள். நாம் மந்தத்துயில் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தூக்கம் வேறு, இது வேறு. தூங்கும்போது நம் உடல் வெப்பம் அரை பாகை, ஒரு பாகைதான் குறையும். மந்தத்துயிலில் பத்து, இருபது பாகை குறையும்.

அடுப்பைத் தணிப்பது பெரிய வித்தை இல்லை. சூடான எந்தப் பொருளும் தானாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடலை வெளியார் உதவி இல்லாமல் மீண்டும் சூடாக்குவதுதான் வித்தை. அதற்கு எரிபொருள் வேண்டும், அடுப்பு வேண்டும். அந்த அடுப்பும் அப்போது குளிர்ந்துதான் கிடக்கிறது.

வெயில் நாட்டிலும் மந்தத்துயிலா?

மந்தத்துயில் என்றதும் பனி மூடிய காடும் குகைக்குள் சுருண்ட கரடியும்தான் நினைவுக்கு வரும். நம் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம்.

மலேசியத் தீபகற்பத்தின் சதுப்புநிலக் காடுகளில் ஒரு குட்டி வௌவால் வாழ்கிறது. பெயர் மேக்ரோகுளோசஸ் மினிமஸ். எடை ஏறத்தாழ 16 கிராம். புதிய 50 சென் நாணயங்கள் மூன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். நீண்ட நாக்கை நீட்டிப் பெரெம்பாங் மரப் பூக்களிலும் வாழைப் பூக்களிலும் தேன் குடிப்பது இதன் தொழில். பாலிக் புலாவ் டுரியான் தோட்டங்களில் இரவில் பூ மலரும்போது மகரந்தம் சுமக்கும் குகைத்தேன் வௌவால் இதைவிடப் பெரிய உறவினர்.

இந்தக் குட்டி வௌவால் தாய்லாந்து முதல் வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிடித்த வௌவால்களை வைத்து பார்ட்டெல்ஸ், லா, கெய்சர் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. விழித்திருக்கும்போது 35 பாகையளவில் இருந்த உடல் வெப்பம், மந்தத்துயிலில் 23 பாகை வரை இறங்கியது. பனியும் இல்லை, உறைகுளிரும் இல்லை. கொடிமலை உச்சியில் ஓர் இரவு தங்கினால் நாம் உணரும் குளிர்தான். அதிலேயே இந்த வௌவால் அடுப்பைத் தணித்துவிட்டது.

காரணம் அதன் உருவம். ஒரு சின்னக் கோப்பைத் தே தாரேக் கடகடவென்று ஆறிப்போகும். அதே தேநீர் ஒரு பெரிய பானையில் இருந்தால் அரைமணி நேரம் கழித்தும் நாக்கைச் சுடும். உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் பொருளின் அளவோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பு கூடுகிறது, வெப்பம் அந்தப் பரப்பின் வழியாகத்தான் வெளியேறுகிறது. 16 கிராம் வௌவால் என்பது எப்போதும் ஆறிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோப்பை. அதைச் சூடாக வைத்திருக்க இரவெல்லாம் தேன் குடிக்க வேண்டும். விடாமழை பெய்தாலோ பூக்கள் குறைந்தாலோ வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. அப்போது உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொள்வது உயிர்காக்கும் சிக்கனம்.

ஒரு கரண்டி சர்க்கரையில் நூறு வௌவால்

சரி, 23 பாகையில் கிடக்கும் வௌவாலை 35 பாகைக்கு உயர்த்த எவ்வளவு ஆற்றல் தேவை? படிவம் 4 இயற்பியலில் தன்வெப்பக் கொள்ளளவு படித்திருப்பீர்கள். நிறையை அதனாலும், பிறகு வெப்பநிலை மாற்றத்தாலும் பெருக்க வேண்டும். விலங்கு உடலின் தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 3.5 ஜூல். 16 கிராம், 12 பாகை. பெருக்கினால் 672 ஜூல்.

ஒரு கிராம் சர்க்கரை ஏறத்தாழ 17,000 ஜூல் தரும். அப்படியானால் இந்த வௌவால் எழுந்திருக்க 0.04 கிராம் சர்க்கரை போதும். தேநீரில் நாம் போடும் ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையில் நூறு வௌவால்களை எழுப்பிவிடலாம்! சூடேறும்போதே வெப்பம் வெளியே கசிவதால் உண்மையான செலவு இதைவிடக் கூடுதல். ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது.

இப்போது 200 கிலோ கரடி ஒன்று 10 பாகை வரை குளிர்ந்துவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். அதை 37 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் ஜூல் வேண்டும். அந்தக் கரடி ஒரு முழு நாளுக்குமேல் சும்மா படுத்திருந்து செலவழிக்கும் ஆற்றல் அது. வௌவாலுக்கோ ஒன்றேகால் மணிநேரச் செலவு மட்டுமே. குளிர்காலக் கரடிகள் ஏன் சில பாகைகள் மட்டுமே குளிர்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும். அவ்வளவு பெரிய பானையை ஆறவிட்டு மீண்டும் கொதிக்கவைப்பது கட்டுப்படியாகாது. சிறிய உருவம் சீக்கிரம் ஆறும், ஆனால் சீக்கிரம் சூடேறவும் செய்யும். தன் பலவீனத்தையே இந்த விலங்கு வசதியாக்கிக்கொண்டது.

கொழுப்பும் இல்லை, தசையும் இல்லை

அடுப்பு எங்கே இருக்கிறது? 1551இல் கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் மார்மட் என்னும் மலைவாழ் கொறிவிலங்கை ஆராய்ந்தபோது, அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு விசித்திரமான திசுவைக் கண்டார். அது கொழுப்பும் இல்லை, தசையும் இல்லை என்று எழுதிவைத்தார். அதன் பிறகு நானூறு ஆண்டுகள் அது என்ன செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. குளிர்கால உறக்கத்துக்கான சுரப்பி என்றே பலர் நம்பினார்கள். 1960களின் தொடக்கத்தில்தான் அது ஒரு வெப்ப ஆலை என்பது உறுதியானது. உறக்கம் கலையும் வௌவால்களை வைத்துச் செய்த சோதனைகளும் அதற்குச் சான்றளித்தன. சூடேறும் வௌவாலின் உடலில் மற்ற இடங்களைவிட முதுகின் அந்தப் பகுதிதான் முதலில் சூடானது.

அதுதான் பழுப்புக் கொழுப்பு. நம் வயிற்றில் சேரும் வெள்ளைக் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்பின் செல்களிலோ மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். அவற்றில் உள்ள இரும்புச்சத்துதான் பழுப்பு நிறத்துக்குக் காரணம்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள கெனிர் ஏரிக்குப் போவோம். திரெங்கானுவின் அந்த அணையில் நீர் உயரத்தில் தேங்கி நிற்கிறது. அது குழாய் வழியாக இறங்கி விசையாழியைச் சுற்றும்போது மின்சாரம் கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே கதைதான். உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் ஒரு சவ்வின் மறுபுறம் தள்ளப்படுகின்றன. அணையில் நீர் தேங்குவதுபோல் அவை அங்கே தேங்குகின்றன. திரும்பி வரும்போது ஒரு நுண்ணிய விசையாழியைச் சுற்றி, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உருவாக்குகின்றன. நம் உடலின் வேலைகளெல்லாம் அந்த ஏடிபியைச் செலவழித்துத்தான் நடக்கின்றன.

பழுப்புக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் கூடுதலாக ஒரு மதகு உண்டு. யூசிபி1 என்ற புரதம் அது. மதகு திறந்தால் புரோட்டான்கள் விசையாழிப் பக்கமே போகாமல் நேராகப் பாய்ந்து திரும்பிவிடும். ஏடிபி உருவாகாது. ஆற்றல் மறைந்துபோகாது அல்லவா? அது முழுக்க வெப்பமாக மாறுகிறது. பொறியாளர் ஒருவர் பார்த்தால் இதைக் கசிவு, வீண் என்று சொல்லிவிடுவார். குளிர்ந்து கிடக்கும் வௌவாலுக்கு அந்தக் கசிவுதான் உயிர்.

முன்பாதி முதலில்

விழிக்கும் நேரம் வந்ததும் மூளையிலிருந்து நரம்புகள் வழியாக ஆணை வருகிறது. நரம்பு முனைகளில் நோர்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டுப் பழுப்புக் கொழுப்பைத் தட்டி எழுப்புகிறது. கொழுப்பு எரியத் தொடங்குகிறது, மதகு திறக்கிறது, தோள்களுக்கு நடுவே சூடு பிறக்கிறது.

அந்தச் சூடு உடம்பெங்கும் ஒரே நேரத்தில் பரவுவதில்லை. பின்பாதிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கின்றன. சூடான இரத்தம் முதலில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் மட்டும் போகிறது. விழிக்கும் விலங்கின் மார்பிலும் பின்பகுதியிலும் வெப்பநிலையை அளந்தால், மார்பு வெகுவாக முந்திக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரே ஒரு விறகுக் கட்டு இருந்தால் முதலில் சமையலறை அடுப்பைத்தான் பற்றவைப்போம். அதே கணக்கு. இதயம் சூடாகச் சூடாக வேகமாகத் துடிக்கும். வேகமாகத் துடித்தால் பழுப்புக் கொழுப்புக்குக் கூடுதல் ஆக்சிஜன் போய்ச்சேரும், அது இன்னும் சூடேறும்.

உடல் ஓரளவு சூடான பிறகே தசைகள் சேர்ந்துகொள்கின்றன. குளிரில் நமக்கு வரும் அதே நடுக்கம்தான். மிகக் குளிர்ந்த தசையால் வலுவாக நடுங்கவும் முடியாது, அதனால் முதல் கட்டத்தில் பழுப்புக் கொழுப்பு தனியாக இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தபின் வெப்பநிலை கிடுகிடுவென்று ஏறும். கடைசியில் பின்பாதியின் இரத்தக் குழாய்கள் திறக்கின்றன.

இதில் உலகச் சாதனையாளர் யார் தெரியுமா? நம் மூஞ்சூறின் தம்பி. ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் இரவில் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடுமே, மலாய்மொழியில் செஞ்சுருட் என்பார்களே, அது எலி இனமே இல்லை. பிள்ளையாரின் வாகனமாக நாம் சொல்லும் அந்த மூஞ்சூறு சங்கஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தில்தான் எட்ரஸ்கன் மூஞ்சூறும் இருக்கிறது. எடை 2 கிராம்! ஒரு 10 சென் நாணயம்கூட அதைவிடக் கனம். உலகில் இன்று வாழும் பாலூட்டிகளில் எடை குறைந்தது இதுவே. தென் ஐரோப்பா முதல் ஆசியா வரை இது வாழ்கிறது. நம் மலேசியக் காடுகளிலுள்ள மலாயாக் குட்டி மூஞ்சூறையும் ஒரு காலத்தில் இதே இனமாகத்தான் எண்ணினார்கள்.

பிரான்சின் ரோஜர் ஃபோன்ஸ், ஜெர்மனியின் கிளாவுஸ் யூர்கென்ஸ் ஆகியோரின் குழு 1990களில் இந்தக் குட்டியை அளந்தது. ஓய்வாக இருக்கும்போதே அதன் இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 835 முறை துடித்தது. உச்சமாக 1,511 துடிப்பும் பதிவானது. மந்தத்துயிலில் அதே இதயம் ஏறத்தாழ 100க்கு இறங்கிவிடும். விழிக்கத் தொடங்கினால் சுமார் இருபது நிமிடங்களில் 800ஐத் தாண்டிவிடுகிறது. உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நொடியில் 13 முறை மேசையைத் தட்ட முயன்று பாருங்கள். நான் முயன்றேன், எட்டைத் தாண்டவில்லை.

எல்லா விலங்குகளும் பழுப்புக் கொழுப்பை நம்பியில்லை. தேன்சிட்டைப் போலத் தேன் குடிக்கும் அமெரிக்க ஹம்மிங்பறவையும் இரவில் மந்தத்துயில் கொள்ளும். பறவைகளுக்குப் பழுப்புக் கொழுப்பு கிடையாது. அது தசை நடுக்கத்தாலேயே எழுந்துவிடுகிறது.

சூரியன் கட்டும் பில்

எரிபொருள் செலவில்லாமல் எழ வழி இருக்கிறதா? இருக்கிறது. வெப்ப நாடுகளில் அது எளிது.

மடகாஸ்கர் தீவில் கொழுத்தவால் குள்ள லெமூர் என்ற சிறு விலங்கு உண்டு. குரங்குகளின் தூரத்து உறவு, ஆகவே நமக்கும்தான். வறண்ட பருவத்தில் ஏழு மாதங்கள் மரப்பொந்துக்குள் மந்தத்துயிலில் கிடக்கும். வாலில் சேர்த்த கொழுப்புதான் அத்தனை நாளுக்கும் சாப்பாடு. கேத்ரின் டவுஸ்மன் குழுவினர் 2004இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான செய்தி இருந்தது. மெல்லிய சுவர் கொண்ட பொந்தில் கிடந்த லெமூரின் உடல், வெளிவெப்பத்தோடு சேர்ந்து ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கியது, சில நாள்களில் 20 பாகை வரைகூட. பகல் வெயிலில் உடல் 30 பாகையைத் தாண்டியபோது, அது தன் கொழுப்பை எரித்துச் சூடேறி எழவே இல்லை. வெயில்தான் இலவசமாகச் சூடாக்கிவிட்டதே! தடித்த சுவர் கொண்ட பொந்தில் வெப்பநிலை அவ்வளவாக மாறவில்லை. அங்கே கிடந்த லெமூர்கள் மட்டும் அவ்வப்போது சொந்தச் செலவில் சூடேறின.

ஆஸ்திரேலியாவில் சில சிறு பைம்மாப் பாலூட்டிகள் மந்தத்துயிலோடு மெல்ல நகர்ந்து வந்து பாறைமேல் வெயில் காய்வதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஓணான் செய்யும் வேலையை ஒரு பாலூட்டி செய்கிறது.

பனிநாட்டு வௌவாலுக்கு இந்தச் சலுகை இல்லை. குளிர்காலம் முழுவதும் அது இலையுதிர்காலத்தில் சேர்த்த சில கிராம் கொழுப்பை வைத்தே தள்ள வேண்டும். ஆனாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சூடேறி எழுந்து, சில மணிநேரம் இருந்துவிட்டு மறுபடியும் குளிர்கிறது. ஏன் எழ வேண்டும் என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தச் சில மணிநேரங்கள்தான் குளிர்காலச் சேமிப்பில் பெரும்பகுதியைத் தின்கின்றன என்பது உறுதி.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. 2006இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு குகையில் மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்கள் முதன்முதலாகக் கண்ணில் பட்டன. வெண்மூக்கு நோய் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூஞ்சை தோலைப் பாதித்து வௌவால்களை அடிக்கடி விழிக்கவைக்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் கொழுப்பு எரிகிறது. வசந்தம் வந்து பூச்சிகள் பறக்கத் தொடங்குமுன்பே சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. பல இலட்சக்கணக்கான வௌவால்கள் இப்படி மாண்டன. குளிர்ந்த குகைகளில் மட்டுமே அந்தப் பூஞ்சை செழிக்கும், அதனால் நம் குகைகளுக்கு அந்தப் பயம் இல்லை.

உங்கள் முதுகிலும் இருந்தது

பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. ஆனால் அதுவும் ஒரு சின்னக் கோப்பைதான், சீக்கிரம் ஆறிவிடும். அதனால் ஒவ்வொரு குழந்தையும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்போடுதான் பிறக்கிறது. நீங்களும் அப்படித்தான் பிறந்தீர்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இந்த அடுப்பு முழுமையாகத் தயாராகியிருக்காது. மருத்துவமனையில் அதைச் சூடான கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளர்ந்தபின் பழுப்புக் கொழுப்பு மறைந்துவிடும் என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2009இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் அதைத் திருத்தின. பெரியவர்களுக்கும் கழுத்து, தோள் பகுதிகளில் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, குளிர்ந்த அறையில் இருந்தால் வேலையும் செய்கிறது. உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் இதில் ஏதாவது மருந்து கிடைக்குமா என்ற தேடல் அன்றிலிருந்து நடக்கிறது. அதற்காக ஏர்கோனை 16இல் வைத்துவிட்டு உடல் இளைக்கக் காத்திருக்காதீர்கள். மின்கட்டணம்தான் ஏறும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். குளிர்ந்த மழைக்காலைப் பொழுதில், பள்ளி வளாகத்திலோ வீட்டுக் கூரையின் தாழ்வான ஓரத்திலோ அசையாமல் ஒடுங்கியிருக்கும் சிறு வௌவால் கண்ணில் படலாம். செத்துவிட்டது என்று குச்சியால் குத்திப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அது மந்தத்துயிலில் இருந்தால், அந்த ஒரு குத்து அதை வலுக்கட்டாயமாக அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லும் ஆணை. நேற்றிரவு தேன் கிடைக்காமல்தான் அது அப்படி ஒடுங்கியிருக்கிறது என்றால், எரிப்பதற்கு அதனிடம் கையிருப்பு அதிகம் இராது. வெறுங்கையால் தொடவும் கூடாது, வௌவால்களிடமிருந்து நமக்கு நோய் பரவக்கூடும். தரையில் விழுந்து கிடந்தால் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள், அவர்கள் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கலாம். கூரையோரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் எட்ட நின்று பாருங்கள். முதலில் மூச்சு வேகமெடுக்கும், பிறகு உடல் மெல்ல நடுங்கத் தொடங்கும், காதுகள் அசையும். அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகாது, பறந்துவிடும்.